தின்னர் வாடை வீசிய ராஜ வஸ்திரம்

வெள்ளிக்கிழமை தோறும் சண்டே ஸ்கூலுக்குப் போய் வளர்ந்தவர்கள் நாம். இதை வேறு யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். குவைத்தில் வெள்ளிதான் விடுமுறை, அதனால் ஆராதனையும் அன்றைக்கு, வேதபாட வகுப்பும் அன்றைக்கு. ஆனால் பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை. "இன்னைக்கு வெள்ளிக்கிழமை, சண்டே ஸ்கூல் இருக்கு, எந்திரி" என்று அம்மா எழுப்புவாள். அதில் ஒரு குழப்பமும் எனக்குத் தெரிந்ததில்லை.

இப்போது நமக்கெல்லாம் வெள்ளெழுத்து வந்துவிட்டது. நம் வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கத்துக்கு அடுத்தபடியாக அதிகம் பேசப்படுவது சர்க்கரையும் முழங்காலும்தான். போன மாதம் நம்மில் ஒருவர் குவைத்தில் அப்பாசியா பக்கம் போனபோது நம் பழைய கட்டடத்தைப் படம் பிடித்துப் போட்டார். ஆளாளுக்கு ஒரு ஞாபகம் சொன்னீர்கள். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி, கீழே இருந்த மலையாளி பேக்கரியின் பஃப்ஸ், எஸ்தர் நாடகம். எஸ்தர் நாடகத்தைப் பற்றி நான் அன்று ஒன்றும் எழுதவில்லை. கட்டைவிரலால் எழுதி முடிகிற சங்கதி இல்லை அது. அதற்குத்தான் இது.

வளைகுடாப் போர் முடிந்து, ஓடிப்போனவர்கள் எல்லாம் திரும்பி வந்த பிறகு அது இரண்டாவது வருடம். எனக்குப் பதின்மூன்று வயது. எண்ணெய்க் கிணறுகள் எரிந்த கரி வெளிச்சுவர்களில் அப்போதும் இருந்தது. விரலை வைத்து இழுத்தால் கோடு விழும். வீடு கிடைப்பது கஷ்டமாக இருந்ததால் ஒரு ஃப்ளாட்டில் இரண்டு மூன்று குடும்பங்கள் இருந்தோம். நடுவே பிளைவுட் தடுப்பு. தடுப்புக்கு இந்தப் பக்கம் நாங்கள். அந்தப் பக்கம் குழந்தைக்கார அக்காவும் அவள் கணவரும், பிறந்து ஐந்தாறு மாதமே ஆன அவர்கள் குழந்தையும். சமையலறை பொது. அவர்கள் வீட்டுக் குழந்தை தும்மினால் எங்கள் வீட்டில் அம்மா "இயேசுவே" என்பாள். இப்படி இருக்கக் கூடாது என்பது சட்டம். கட்டடத்து ஹாரிஸுக்கு, அதாவது காவல்காரருக்கு, எல்லாம் தெரியும். வீட்டுக்காரருக்குத் தெரியாது என்று வைத்துக்கொண்டு வாழ்ந்தோம்.

நம் சண்டே ஸ்கூல் மாமாவை நீங்கள் மறந்திருக்க முடியாது. முழுக்கைச் சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா, பாடும்போது மட்டும் வெளிவரும் கட்டைக்குரல். அம்மா அவரை அண்ணாச்சி என்பாள். ஊரில் பக்கத்து ஊர்க்காரர்கள். போர் வந்தபோது நம் கட்டடத்துக் குடும்பங்களை ஒரு லாரியில் ஏற்றிக்கொண்டு பாலைவனம் தாண்டி ஜோர்டான் எல்லை வரை கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவர்தான். வழியில் சோதனைச் சாவடிகள். ஒவ்வொன்றிலும் அவர் திரும்பி, "யாரும் வாயத் தெறக்கக் கூடாது, கேட்டாலும் நாந்தான் பேசுவேன்" என்பார். என் உதட்டில் அம்மாவின் உள்ளங்கை இருந்தது எனக்கு நினைவிருக்கிறது. அதில் வெங்காய வாடை. யாரும் வாயைத் திறக்கவில்லை, எல்லாரும் உயிரோடு வந்து சேர்ந்தோம். அதிலிருந்து நம் கட்டடத்தில் மாமா சொன்னதுதான் சொல்.

அந்த வருட ஆண்டு விழாவுக்கு எஸ்தர் சரித்திரத்தை நாடகமாகப் போடலாம் என்று அவர்தான் சொன்னார். யூத வேதத்தில் உள்ள கதைதான், நம் பழைய ஏற்பாட்டிலும் இருக்கிறது. யூதப் பெண்ணொருத்தி பாரசீக ராஜாவுக்கு ராணியாகிறாள். நீ இன்ன ஜனம் என்று சொல்லாதே என்று அவளை வளர்த்த மொர்தெகாய் கட்டளையிட்டதால், அவள் சொல்லவில்லை. பிறகு ஆமான் என்கிற மந்திரி அந்த ஜனத்தையே அழிக்க ராஜாவின் முத்திரை வாங்கிவிடுகிறான். அழைக்கப்படாமல் ராஜாவின் முன்னால் போனால் தலை போகும். அவர் செங்கோலை நீட்டினால் உயிர் பிழைக்கலாம். எஸ்தர் மூன்று நாள் உபவாசம் இருக்கிறாள், ஊரையும் இருக்கச் சொல்கிறாள், பிறகு போகிறாள். செத்தாலும் சாகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறாள்.

எஸ்தர் வேஷம் எனக்கு. அழகுக்காக இல்லை, வசனம் மனப்பாடம் செய்வேன் என்பதற்காக.

முதல் ஒத்திகையிலேயே மாமா பேனாவை எடுத்துவிட்டார். "யூதர்ங்கிற வார்த்தை வேண்டாம். இது இருக்கிற ஊரு அப்படி. கீழ எவன் காதுலயாவது விழுந்து வம்பாயிரும். நம்ம ஜனங்கன்னு சொல்லுங்க" என்றார். ஜன்னலைச் சாத்தச் சொன்னார். டிவியைச் சத்தமாக வைக்கச் சொன்னார். ஆக, பேசத் துணிந்த ஒருத்தியின் கதையை அடைத்த ஜன்னலுக்குள், கார்ட்டூன் சத்தத்துக்கு அடியில், குசுகுசுவென்று பழகினோம். ராஜாவாக நடித்த மேல்மாடி அண்ணன் என் வசனம் காதில் விழாமல், செங்கோலை எப்போது நீட்டுவது என்று தெரியாமல், போகிற வருகிறவர்களுக்கெல்லாம் நீட்டிக்கொண்டிருந்தான்.

அம்மா ஒத்திகைக்கு வந்து மூலையில் உட்கார்ந்து தைப்பாள். அவள் தையல்காரி. கட்டட வீட்டுக்காரரின் மனைவிக்கு அவள் தைக்கிற கழுத்து வேலைப்பாடு பிடித்துப்போய், கல்யாணம் கார்த்திகை என்றால் டிரைவரை அனுப்பிக் கூட்டிப்போவார்கள். கூப்பிட்டால் போவாள், அளவெடுப்பாள், வருவாள். அந்த மாதம் மேடத்துக்கு ஒரு கரும்பச்சை வெல்வெட் உடுப்பு தைத்துக்கொண்டிருந்தாள். அதில் விழுந்த துண்டுகளையும் ஒரு பழைய திரைச்சீலையையும் சேர்த்து எனக்கு ராஜ வஸ்திரம். பால்மாவு டப்பாவின் தகரத்தை வெட்டி, ஓரம் கீறாமல் மடித்து, கிரீடம். அந்தக் கிரீடத்தை இடமாற்றத்தில் எங்கோ தொலைத்துவிட்டோம். நெற்றியில் அது பதிந்த வட்டத்தை மட்டும் இன்னும் உணர முடிகிறது.

நாற்றம் எப்போது தொடங்கியது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. முதலில் யாரோ பெயின்ட் அடிக்கிறார்கள் என்று நினைத்தோம். பிறகுதான் தெரிந்தது, பேஸ்மெண்டை யாரோ ஒரு பெயின்ட் வியாபாரிக்கு ஹாரிஸ் குடோனாக விட்டிருக்கிறார் என்று. பெயின்ட் கரைக்கிற தின்னர் டின்கள், வார்னிஷ் டின்கள், கூரை முட்ட அடுக்கி வைத்திருந்தார்கள். சில டின்கள் ஒழுகின. வாடை லிஃப்ட் குழி வழியாக ஏறி நான்கு மாடிக்கும் வந்தது. மேலே ஒவ்வொரு சமையலறையிலும் கேஸ் சிலிண்டர். கீழே படிக்கட்டில் உட்கார்ந்து ஹாரிஸ் சிகரெட் குடிப்பார். குழந்தைக்கார அக்காவின் குழந்தை குடித்த பாலையெல்லாம் கக்கியது. அக்கா அதைத் தோளில் போட்டுக்கொண்டு மொட்டை மாடியிலேயே பகல் முழுக்க நடப்பாள்.

ஆண்கள் ஹாரிஸிடம் சொல்லிப் பார்த்தார்கள். "மாஃபி முஷ்கில்", பிரச்சினை ஒன்றுமில்லை என்றார், அதோடு சரி. முனிசிபாலிட்டிக்கோ தீயணைப்புக்கோ சொல்ல ஒருவருக்கும் துணிவில்லை. அவர்கள் வந்தால் பேஸ்மெண்டை மட்டுமா பார்ப்பார்கள்? பிளைவுட் தடுப்பையும் பார்ப்பார்கள். மாமா ஒரு முடிவுக்கு வந்தார். "எஸ்தர் காலத்துல ஜனங்க என்ன செஞ்சாங்க? உபவாசம் இருந்தாங்க. நாமளும் மூணு நாள் இருப்போம். கர்த்தர் பாத்துக்குவார்."

செவ்வாய், புதன், வியாழன். நம் கட்டடமே பட்டினி கிடந்தது. பிள்ளைகளுக்கு விலக்கு உண்டு, ஆனால் சமைக்க ஆளில்லாததால் மூன்று நாளும் ரொட்டியும் ஜாமும். பெரியவர்களுக்கு இரவில் கஞ்சி குடிக்கலாம் என்று மாமா தளர்த்தினார். அம்மா கஞ்சியும் தொடவில்லை, பாலில்லாத கட்டன் சாயாவோடு நிறுத்திக்கொண்டாள். எங்கள் அறையில் மேடத்தின் வெல்வெட் உடுப்பு திரைக்கம்பியில் தொங்கியது. வெல்வெட் வாடையைப் பிடித்தால் விடாது. அம்மா அதை மாடியில் போட்டாள், உதறினாள், வாசனைப் புகை காட்டினாள். தின்னர் போகவேயில்லை. முகர்ந்து முகர்ந்து பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

வியாழன் மாலை மாமா வீட்டு ஹாலில் கடைசி ஜெபம். பாட்டு, துதி, கண்ணீர், எல்லாம் நன்றாகவே நடந்தது. ஆமென் சொல்லி எல்லாரும் பேரீச்சம்பழத் தட்டுக்குக் கை நீட்டும்போது அம்மா கேட்டாள்.

"அண்ணாச்சி, உபவாசம் முடிஞ்சிட்டு. இனி யாரு போறது?"

"எங்கம்மா போறது?"

"ராஜாகிட்டதான். எஸ்தர் பட்டினி கெடந்துட்டு வீட்லயா இருந்தா? எந்திச்சுப் போனால்லா?"

யாரோ சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. "அது வேதம்மா. இது வாடகை வீடு. போய்ச் சொன்னா மொதல்ல நம்ம தலையத்தான் எண்ணுவான். சும்மா இருந்துதான் அன்னைக்கு உயிரோட ஊரு போய்ச் சேந்தோம். மறந்துட்டியா?"

"மறக்கல அண்ணாச்சி. அன்னைக்கு நீங்க இல்லன்னா நாங்க இல்ல. ஆனா அன்னைக்கு வெளிய துப்பாக்கி இருந்துச்சு, வாய மூடுனோம். இன்னைக்கு நெருப்பு காலுக்குக் கீழ இருக்கு. நாம வாய மூடிக்கிட்டா அது அணைஞ்சிருமா?"

அப்பா எழுந்து, "வா, வீட்டுக்குப் போலாம்" என்றார். அம்மா பேரீச்சம்பழத்தைத் தொடாமலே எழுந்து வந்தாள்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் அவள் அந்தக் கரும்பச்சை உடுப்பை மடித்துப் பையில் போட்டாள். கீழ் விளிம்பு இன்னும் மடித்துத் தைக்கப்படவில்லை, ஊசிகள் அப்படியே இருந்தன. அப்பா கதவோரம் நின்று, "கூப்பிடாம போறியே. வேலை போயிரும். வேலை மட்டுமா போகும்?" என்றார். "நீங்க வாங்கன்னா வருவீங்களா?" என்று அம்மா கேட்டாள். அப்பா என் செருப்பை எடுத்து வாசலில் போட்டார். பிறகு, "பிள்ளையக் கூட்டிட்டுப் போ. தனியாப் போகாத" என்றார். அவரை நான் கோழை என்று பல வருடம் நினைத்திருந்தேன். அவர் விசா வீட்டுக்காரரின் தம்பி பெயரில் இருந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது.

வீட்டுக்காரருடையது பெரிய வீடு, இரும்புக் கதவு, உள்ளே ஈச்ச மரங்கள். கதவைத் திறந்தது அங்கே வேலை செய்த இலங்கை மலையகத்து அக்கா. எங்களைக் கண்டதும் அவள் முகம் மாறியது.

"மேடம் கூப்பிடலியே அக்கா. இன்னைக்கு எல்லாரும் சாப்பாட்டுக்கு வந்திருக்காங்க. இப்ப உள்ள விட்டா எனக்கும் ஏச்சு விழும்."

"தெரியும் தாயி. உடுப்பக் காட்டணும்னு மட்டும் சொல்லு. மத்தத நான் சொல்லிக்கிடுதேன்."

அவள் எங்களை ஏற இறங்கப் பார்த்தாள். அம்மாவின் உதடு மூன்று நாள் பட்டினியில் வெடித்திருந்தது. "உக்காருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். நாங்கள் உட்காரவில்லை.

மேடம் வந்தபோது முகத்தில் சந்தோஷமில்லை. அம்மா பேசாமல் உடுப்பை எடுத்து நீட்டினாள். மேடம் வாங்கி விரித்தார். விரித்த கையோடு தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். மறுபடி மூக்கருகே கொண்டுபோனார்.

"ஷுனு ஹாதா?" என்ன இது என்று கேட்டார்.

அம்மா தனக்குத் தெரிந்த அரபியை எல்லாம் ஒரே மூச்சில் கொட்டினாள். "மேடம், பில்டிங்... தஹ்த்" என்று தரைக்குக் கீழே கையைக் காட்டினாள். "பெயின்ட், தின்னர், வாஜித்" என்று கையை அகல விரித்தாள். "நார்!" இரண்டு கையையும் தீ போல மேலே எழுப்பினாள். "பேபி. குல்லு பேபி." எல்லாம் குழந்தைகள் என்று அர்த்தம். அதற்கு மேல் அரபி தீர்ந்துவிட்டது. திரும்பி அந்த மலையகத்து அக்காவைப் பார்த்தாள். "நீ சொல்லு தாயி. நான் சொல்லுதத அப்படியே சொல்லு."

அம்மா தமிழில் சொன்னாள், அவள் அரபியில் சொன்னாள். டின்கள், சிகரெட், சிலிண்டர், பால் கக்குகிற குழந்தை. மேடம் ஏதோ கேட்டார். "எத்தன குடும்பம் இருக்கீங்கன்னு கேக்குறாங்க" என்றாள் அக்கா.

நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்தேன். ஃப்ளாட்டுக்கு ஒன்று என்று சொல்லியிருக்கலாம். யாருமே அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

"ஒரு வீட்டுக்கு ரெண்டு மூணு குடும்பம்னு சொல்லு. நாங்களும் அப்படித்தான் இருக்கோம்னு சொல்லு. வந்து பாத்தாத் தெரியத்தானே போவுது? எரிஞ்ச பெறகு எண்ண வேண்டாம். இப்பமே எண்ணிக்கிடட்டும்."

அக்கா மொழிபெயர்த்து முடித்தாள். மேடம் உடுப்பைக் கையில் பிடித்தபடியே உள்ளே போனார். ஒரு ஆண் குரல் உயர்ந்தது, பிறகு தணிந்தது. எங்களை வெளியே போகச் சொல்ல யாரும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அக்கா இரண்டு தட்டில் சோறும் கறியும் கொண்டுவந்தாள். "மேடம் குடுக்கச் சொன்னாங்க. உங்களுக்கு வாய் காஞ்சிருக்காம்." அம்மா அப்போதுதான் உட்கார்ந்தாள். உட்கார்ந்து அழுதாள், அழுதுகொண்டே சாப்பிட்டாள்.

அந்த வாரமே பேஸ்மெண்ட் காலியானது. பிக்கப் வண்டிகள் வந்து டின்களை ஏற்றிப் போவதை மாடியிலிருந்து நாமெல்லாரும் எட்டிப் பார்த்தோம். பிளைவுட் தடுப்புகளையும் வீட்டுக்காரர் வந்து பார்த்தார், தட்டிப் பார்த்தார். ஒரு ஃப்ளாட்டுக்கு ஒரு குடும்பம்தான் இனி, மாதக் கடைசிக்குள் மற்றவர்கள் வேறு இடம் பார்க்கணும், கலாஸ், அவ்வளவுதான். எங்கள் ஃப்ளாட்டில் யார் போவது என்று கேள்வி வந்தபோது கைக்குழந்தை இருக்கிறவர்கள் இருக்கட்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள்.

அதற்குப் பிறகு நம் கட்டடத்தில் அம்மாவோடு பேசியவர்கள் குறைவு. குற்றமாகச் சொல்லவில்லை, உங்கள் வீட்டிலும் சாமான் கட்ட வேண்டியிருந்திருக்கும். "பேஸ்மெண்டச் சொன்னது சரி, குடும்பக் கணக்க எதுக்குச் சொல்லணும்?" என்பதுதான் எல்லார் வாயிலும். குழந்தைக்கார அக்காகூட, வீடு அவளுக்கே கிடைத்தும், படியில் பார்த்தால் குனிந்துகொண்டு போனாள். எனக்கு அது அப்போது ரொம்ப வலித்தது.

நாடகம் நடந்தது. தேதி குறித்தாயிற்றே. பாதி நாற்காலி காலி. தின்னர் வாடை வீசுகிற ராஜ வஸ்திரத்தோடு நான் செத்தாலும் சாகிறேன் என்று குசுகுசுத்தேன். பின்வரிசையில் அம்மா தனியாக உட்கார்ந்திருந்தாள். முடிந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு! சண்டே ஸ்கூல் மாமா மேடையேறி, எஸ்தரைப் போல நம் பிள்ளைகள் தைரியமாக வளர வேண்டும் என்று பேசினார். அவர் பொய்யாகப் பேசவில்லை. அதுதான் இப்போது நினைத்தால் ஆச்சரியம்.

மாமாவிடம் எனக்குக் கோபமில்லை. இந்த வயதில் அந்தப் புத்தகத்தைத் திரும்பப் படிக்கும்போது ஒன்று கண்ணில் படுகிறது. உன் ஜனத்தைச் சொல்லாதே என்று எஸ்தரிடம் கட்டளையிட்டதும் மொர்தெகாய்தான், இப்போது பேசாமல் இருந்தால் அரண்மனையில் இருக்கிற நீயும் தப்பமாட்டாய் என்று ஆள் அனுப்பியதும் அதே மொர்தெகாய்தான். முதல் சொல் ஒரு காலத்துக்குச் சரி. அதையே பிடித்துக்கொண்டு நிற்காமல் மாற்றிச் சொல்ல அவருக்குத் தெரிந்திருந்தது. நம் மாமாவுக்கு லாரியில் சொன்ன சொல் அவ்வளவு நன்றாகப் பலித்துவிட்டதால் இரண்டாவது சொல் வாயில் வரவேயில்லை. அந்தப் புத்தகத்தில் கடவுளின் பெயர் ஓரிடத்திலும் வராது என்பதும் இப்போதுதான் கவனித்தேன். நம் நாடகத்தில் மாமா அதைப் பத்து இடத்தில் சேர்த்திருந்தார். புத்தகத்தில் எழுந்து போகிற ஒரு பெண்ணும், அவளுக்காகப் பட்டினி கிடக்கிற ஜனமும்தான்.

இன்னொன்றும் உண்டு. எஸ்தர் ஜெயித்தாள் என்று எல்லாருக்கும் தெரியும், ஆமான் தூக்கில் தொங்கினான், வருடா வருடம் பண்டிகை. எங்கள் கதையில் ஆமானே இல்லை. மலிவாக ஒரு குடோன் தேடிய வியாபாரியும் கண்ணை மூடிக்கொண்ட ஹாரிஸும்தான். தீயும் பிடிக்கவில்லை. பிடிக்காத தீயை அணைத்தவளுக்கு யார் நன்றி சொல்வார்கள்? அவள் போகாவிட்டாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று சொல்ல எல்லாருக்கும் இடமிருந்தது, சொல்லவும் செய்தார்கள்.

அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறாள். தையல் இல்லை, கண் சரியில்லை. ஒருநாள் கேட்டேன், "அன்னைக்கு உனக்குப் பயமா இல்லையாம்மா?"

"பயமா? கால் நடுங்கிச்சு. ஆனா ஏட்டி, மூணு நாள் அத்தன பேரும் பட்டினி கெடந்துருக்கோம். ஒருத்தரும் போகலன்னா அது உபவாசமா? வெறும் பசிதானே?"

போன மாதம் நீங்கள் போட்ட படத்தை அவளுக்குக் காட்டினேன். அதே மஞ்சள் சுவர், பால்கனிகளில் துணி, இரண்டாம் மாடி ஜன்னலில் யாருடைய பிள்ளையோ கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது. பழைய வீட்டைப் பார்த்து அழுவாள் என்று நினைத்தேன். அவள் போனைக் கண்ணுக்கு அருகில் வைத்துக்கொண்டு படத்தின் அடிப்பகுதியையே பார்த்தாள்.

"இந்தப் பேஸ்மெண்டுக்குள்ள இப்ப என்ன வச்சிருக்கான்?"

பெரிதாக்கிப் பார்த்தேன். வாசலில் ஒரு கார் மறைத்துக்கொண்டு நின்றது. தெரியவில்லை என்றேன்.

"அங்க இருக்கவங்ககிட்டக் கேட்டுச் சொல்லு" என்றாள்.

அன்றைக்கே குழுவில் கேட்டேன். நீங்கள் யாரும் பதில் போடவில்லை, வேடிக்கை என்று நினைத்திருப்பீர்கள். உங்களில் யாராவது அந்தப் பக்கம் போனால் இறங்கிப் பார்த்துச் சொல்லுங்கள். அம்மா தினமும் கேட்கிறாள்.